செய்வித்தவர்

முதல் ரீலைக் கடைசியில் போடுவதாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் விசாலினி என் கண்ணெதிரே ஒன்பதாவது ரீலில் கணவனைப் பறிகொடுத்துவிட்டுத் தலையிலடித்துக்கொண்டு அழுகிறாள், அவளுக்குக் கல்யாணம் ஆகப்போவது இன்னும் இருபது நிமிஷம் கழித்துத்தான். அழட்டும். முப்பத்தெட்டு வருஷம் ஒரு தகரப் பெட்டிக்குள் அழுதுகொண்டிருந்தவளுக்கு இருபது நிமிஷத்தில் என்ன குறைந்துவிடப்போகிறது. கதையின் வரிசையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அதை வரிசைப்படுத்தியவளே நான்தான், எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டை ஒட்டினேன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எனக்கு வேண்டியது அந்த முதல் ரீலில் ஒரே ஓர் எழுத்து. எழுத்து என்றால் இலக்கியம் இல்லை, தலையெழுத்தும் இல்லை, உயிர்மெய் எழுத்து, வகரமும் இகரமும் சேர்ந்தது, வி. அது இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்க்கத்தான் பெரம்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து உட்கார்ந்திருக்கிறேன். வடபழனியில் ஒரு பிரிவ்யூ தியேட்டர், பிற்பகல் மூன்று மணி, முப்பது நாற்காலிகளில் இருபத்திரண்டு பேர், சுவரில் குளிர்சாதன வசதி உண்டு என்று எழுதியிருக்கிறது, எழுதியிருப்பதோடு சரி. ஆரம்பத்திலேயே ஆபரேட்டர் கன்னியப்பன் தன் சின்ன ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, “மொத ரீலு ரொம்ப மோசம் சார், நெடுக ஒரு கீறல் ஓடுது, ஓரத்துப் பல்லெல்லாம் பிஞ்சிருக்கு, ஒட்டிட்டுக் கடைசியா போடறேன்” என்றார். நெடுக ஒரு கீறல். எங்கே ஓடுகிறது என்று சொல்லவில்லை. இடது பக்கமா, வலது பக்கமா, நடுவிலா? கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் கேட்கிறீர்கள் என்பார். ஏன் கேட்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்தால் இப்போது கிடைத்திருக்கும் ஒன்பது, பதினொன்று, ஒன்று ஆகிய மூன்று ரீலும் ஓடி முடிந்துவிடும்.

அழைப்பிதழில் என்னைப் ‘பழம்பெரும் நடிகை தையல்நாயகி அம்மையார்’ என்று போட்டிருக்கிறார்கள். பழம் சரி, அறுபத்துநாலு ஆகிறது. பெரும் அவர்களுடைய பெருந்தன்மை. நடிகை மட்டும் பொய். வாழ்நாளில் ஒரு படத்திலும் என் முகம் வந்ததில்லை, வந்திருந்தால் அந்தத் துண்டை நானே வெட்டி எறிந்திருப்பேன். இந்தக் காட்சியை ஏற்பாடு செய்த சங்கத்தின் செயலாளர் ராமதுரையிடம் போனில் சொன்னேன். “சினிமாவுல இருந்த லேடின்னா நடிகைதானேம்மா, படிக்கிறவங்களுக்கும் சுலபமா புரியும்” என்றார். சுலபமாகப் புரிகிறதுதான் எப்போதும் தப்பாக இருக்கிறது. எனக்கு இரண்டு நாற்காலி முன்னால் பேராசிரியர் மலர்க்கோ உட்கார்ந்திருக்கிறார், வழுக்கை, அதைச் சுற்றி நரைத்த மாலை. ராவ் சாகிப் வரதப்ப முதலியாரின் மகன். பிறந்தபோது புஷ்பநாதன், பிறகு தமிழாசிரியரானதும் தன்னைத் தானே மொழிபெயர்த்துக்கொண்டார். பத்திரிகைகளுக்கு அவர் எழுதும் கடிதங்களைப் படித்திருக்கிறேன். ‘இயக்குனர்’ என்று எழுதாதீர்கள், ‘இயக்குநர்’ என்பதே சரி என்று வருஷத்துக்கு இரண்டு முறையாவது கையைப் பிடித்துத் திருத்துவார், அந்த விஷயத்தில் மட்டும் நான் அவர் கட்சி. வாசலில் கும்பிட்டு, “வணக்கம்மா. அப்பா படத்துல நீங்க என்ன வேஷம்?” என்றார். “திரைக்குப் பின்னால” என்றேன். “ஓ, மேக்கப்பா!” என்று அவர் முகம் மலர்ந்தது, பெயருக்கேற்ற மாதிரி. படம் முடிந்ததும் அவருக்கு ஒரு கேடயம் கொடுக்கப்போகிறார்கள். மேஜைமேல் வெல்வெட் போர்த்தி வைத்திருக்கிறது, யாரும் பார்க்காதபோது ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டேன், பிழைதிருத்துகிறவளின் கை சும்மா இருக்காது. ‘விசாலினி அல்லது தந்தப் பெட்டி, டைரக்ஷன் செய்தவர் அமரர் ராவ் சாகிப் வரதப்ப முதலியார்.’ பித்தளையில் வெட்டியிருக்கிறது. சங்கம் போடப்போகும் புத்தகத்திலும் இதுவேதானாம், திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. செய்தவர். நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. அல்லது விட்டுப்போகவே இல்லை, நான்தான் முப்பத்தெட்டு வருஷமாக நடுவில் ஓர் எழுத்தைச் செருகிக்கொண்டிருக்கிறேனோ என்னவோ. இந்த யோசனை வேண்டாம். ரீலைப் பார்.

இந்த இடத்தில் ஓர் ஒட்டு வரும், விசாலினி கீழே விழுந்ததும் உருண்டு போகும் வளையல், வளையல் நிற்பதற்குள் சிதை. வந்துவிட்டது. குலுங்கவில்லை, துளி வெளிச்சம்கூடத் துள்ளவில்லை. என் ஒட்டு எதுவும் இதுவரை விட்டதில்லை. தையல்நாயகி என்று பெயர் வைத்த அப்பா வைத்தீசுவரன் கோயில் அம்மனை நினைத்துத்தான் வைத்தார், தையல் என்றால் பெண், ஆனால் தையல் என்றால் தைப்பதும்தானே, பெண் பின்னால் ஃபிலிமைத் துண்டு துண்டாக வெட்டித் தைக்கப்போகிறாள் என்று அம்மனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அப்பாவுக்குத் தங்கசாலைத் தெருவில் ஓர் அச்சுக்கூடத்தில் புரூப் பார்க்கும் வேலை. ஊமைப்படக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு என்னைக் கூட்டிப்போவார். நடிகர்கள் வாயை அசைப்பார்கள், பிறகு கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்தில் அவர்கள் பேசியது வரும், படிக்கத் தெரிந்த யாராவது ஒருவர் கொட்டகை முழுவதற்கும் உரக்கப் படிப்பார். அன்றைக்கு அந்த ஒருவர், ‘பல்லியறையில் இளவரசி துயில்கிறாள்’ என்று படித்தார். அவர்மேல் பிழையில்லை, அட்டையிலேயே பல்லிதான். கொட்டகையே சிரித்தது. தரை டிக்கெட்டில் ஒருவர் நாக்கைத் தட்டிப் பல்லி மாதிரி உச்சுக்கொட்டினார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, புரொஜெக்டர் வெளிச்சம் முதுகில் விழ, திரையில் இளவரசியின் மடியில் தன் தலையின் நிழல் விழ, “அது பள்ளியறை ஐயா, பள்ளி! இருபதாயிரம் பேர் பார்க்கிற இடத்தில் இப்படியா எழுதுவது?” என்று கத்தினார். நான் நாற்காலிக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். இடைவேளையில் கொட்டகைக்கும் படத்துக்கும் சொந்தக்காரர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார், வெள்ளைத் தலைப்பாகை, கையில் வெற்றிலைப் பெட்டி, ராவ் சாகிப் வரதப்ப முதலியார். “அவ்வளவு தெரிஞ்சவரு நீரே வந்து எழுதுமேன்” என்றார் கேலியாக. அப்பா அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. “எனக்குக் கண் மங்கிப்போச்சு. என் பெண் எழுதுவாள், எழுத்து முத்து முத்தாக இருக்கும்” என்றார். ஒரு பல்லிதான் என்னைச் சினிமாவில் கொண்டுவிட்டது. அது எந்தப் பக்கத்துச் சுவரில் இருந்து சொல்லியதோ, பலன் நல்ல பலன்.

கா. கா. சிரிக்கிறார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள், மலர்க்கோவின் தோளும் குலுங்குகிறது. வில்லன் சிதைக்கு முன்னால் நெஞ்சில் கை வைத்து, ‘இச்சாவுக்கும் எனக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை’ என்று சொல்லி முடித்ததும் ஒரு காக்கை பட்டென்று பதில் சொல்கிறது. இதை வெட்டச் சொன்னார்கள். நான் வெட்டவில்லை. பேசும்படம் வந்த புதிது, சூரிய வெளிச்சத்தில்தான் படப்பிடிப்பு, மைக்குக்குக் காக்கையும் ஒன்றுதான் கதாநாயகியும் ஒன்றுதான். மற்ற கம்பெனிகளில் துப்பாக்கி வைத்துச் சுட்டு விரட்டினார்கள், சுட்ட சத்தத்தில் இன்னும் நூறு காக்கை விசாரிக்க வரும். நான் ஷாட்டுக்கு ஷாட் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குண்டான் சோற்றைக் கொட்டச் சொன்னேன். கா என்று ஒருமுறை கூப்பிட்டால் ஊர்க் காக்கை முழுக்க அங்கே போய்விடும், பித்ருக்கள் சாப்பிட்டு முடிக்கிறவரை மூன்று நிமிஷம் நிசப்தம். பம்பாயிலிருந்து வந்திருந்த காமிராமேன் பெஸ்தன்ஜி காமிராவை விட்டு இறங்கிவந்து என்னைக் கும்பிட்டார். “டைரக்டர் சாப், அற்புதம்” என்றார். சாப். அந்தச் செட்டில் என்னை அப்படிக் கூப்பிட்டது அவர் ஒருவர்தான், அதிலும் என்னை ஆணாக்கிவிட்டார். மற்றவர்கள் திண்டாடினார்கள். டைரக்டர் என்றால் தலைப்பாகை நினைவுக்கு வருகிறது. டைரக்டரம்மா என்றால் டைரக்டருடைய மனைவி. லைட்பாய் பரசுராமன் ஒருநாள், “டைரக்டரி!” என்று கூப்பிட்டுவிட்டு அது டெலிபோன் புத்தகம் என்று தெரிந்ததும் தலையைச் சொறிந்தான். கடைசியில் ‘தையலக்கா’ என்பதில் போய் நின்றது. அக்கா என்று சொல்லிவிட்டால் அக்கா சொன்னபடி இருநூறு பேர் ஒரே நேரத்தில் திரும்பி நிற்பதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. திரும்பி நின்றார்கள். கோட்டை வாசல் காட்சி, இருநூறு ஈட்டிகள், ஒரே ஒரு யானை, அதுவும் என் மெகாபோனைப் பார்த்துக் காதை மடக்கியது. ‘ஸ்டார்ட்’ என்று சொன்னேன். எனக்கு இருபத்தாறு வயது. அந்தச் சொல் என் வாயிலிருந்து போய்க் கோட்டைச் சுவரில் மோதித் திரும்பி வந்தது, திரும்பி வரும்போது அது என் குரலாகவே இல்லை, யாரோ எனக்கு உத்தரவு கொடுத்த மாதிரி இருந்தது, நானும் அதற்குக் கீழ்ப்படிந்துதான் இன்றுவரை இருக்கிறேன்.

ஆனால் எனக்கு யாரும் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. கல்கத்தாவிலிருந்து ராவ் சாகிப் வரவழைத்த டைரக்டர் ஒன்பதாம் நாள் மீன் குழம்பில் புளி ஊற்றியதைக் காரணம் காட்டி ரயிலேறிவிட்டார். கதை முழுதும், எந்த ஷாட்டுக்குப் பின் எந்த ஷாட் என்பது முழுதும், என் நோட்டுப்புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது. ராவ் சாகிப் என்னைக் கூப்பிட்டு, “வேற ஆளு வர்ற வரைக்கும் கொஞ்சம் பார்த்துக்கோம்மா” என்றார். பார்த்துக்கொள். தமிழில் இதைவிட வஞ்சகமான வினைச்சொல் கிடையாது. வீட்டைப் பார்த்துக்கொள், குழந்தையைப் பார்த்துக்கொள், அடுப்பைப் பார்த்துக்கொள். செய்கிறவர் வேறு யாரோ, நாம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அர்த்தம் வரும்படி அமைத்திருக்கிறார்கள். அறுபத்தொரு நாள் பார்த்துக்கொண்டேன். வேறு ஆள் வரவில்லை. ராவ் சாகிப் பிரம்பு நாற்காலியில் குடைக்கு அடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், பன்னிரண்டு மணிக்குமேல் அதுவும் இல்லை, தலைப்பாகை கண்ணுக்கு இறங்கிவிடும். அவரை நான் வெறுத்தேனா? இல்லை. அவர் இல்லாவிட்டால் எனக்கு இருநூறு ஈட்டி ஏது. படத்தின் பெயரில்கூட எனக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு பிழை இருக்கிறது. கதையில் அது காதலன் தந்த பெட்டி, சாதாரண மரப்பெட்டி. சுவரொட்டி எழுதியவன் நடுவில் ஒரு ப் போட்டுத் ‘தந்தப் பெட்டி’ ஆக்கிவிட்டான். ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டது. யானைத் தந்தத்தில் பெட்டி இல்லாமல் எப்படிப் படம் காட்டுவது? “ஒரு ஒத்துக்காக மரத்துக்கு வெள்ளையடிக்கணுமா?” என்றார் ராவ் சாகிப். “அடிக்கணுங்க” என்றேன். அடித்தோம். பெயரையும் அப்படியே வைத்துக்கொண்டோம். ஓர் ஒற்றுக்கு எவ்வளவு பலம் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும், தெரிந்துதான்…

விளக்கு போட்டுவிட்டார்கள். ஒரு மெஷின்தான், ரீல் மாற்ற நாலு நிமிஷம். ராமதுரை காப்பி கொடுக்கிறார். மலர்க்கோ திரும்பி, நாற்காலி முதுகில் கையை மடக்கி வைத்துக்கொண்டார். “என்னம்மா, பழைய ஞாபகமெல்லாம் வருதா?”

“வருது. வந்தது சரிதானான்னுதான் தெரியல” என்றேன்.

“அந்தக் காக்கா பிரமாதம். அப்பாவுக்கு அப்படி ஒரு குறும்பு உண்டுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. வீட்டுல சிரிச்சே பார்த்ததில்ல.”

“காக்காவோட குறும்பா இருக்கலாம்.”

“சும்மா விட்டுடுவாங்களா, டைரக்டர் வேணும்னுதான் வெச்சிருக்கணும்.” காப்பியை ஆற்றினார். “பாருங்க, என் தமிழுக்கே அப்பாதான் காரணம். ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது அவர் ஊமைப்படத்தோட டைட்டிலைப் பார்த்துதான் எழுத்து எழுதிப் பழகினேன். அவ்வளவு அழகு. ஒரு பிழை இருக்காது. எனக்குப் பொய்யும் ஆகாது, பிழையும் ஆகாதும்மா. ரெண்டும் ஒண்ணுதான்.”

“ரெண்டும் ஒண்ணுதான்” என்றேன். காப்பி சுட்டது.

அட்டைகளை எழுதி முடித்த நாள். அது நினைவில் இருக்கிறது, இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். மேஜை, கறுப்பு அட்டை, வெள்ளைப் பெயிண்ட், மூன்று முடி மட்டும் விட்டு நறுக்கிய தூரிகை. ராவ் சாகிப் சொன்னார், “டைரக்ஷன் செய்தவர்னு என் பேரைப் போட்டுடு. வேற யார் பேரைப் போடறது? பொம்பளை பேரைப் போட்டா விநியோகஸ்தன் படத்தைத் திருப்பி அனுப்பிடுவான்.” சரிங்க என்றேன். சரிங்க என்று சொல்லிவிட்டுத் தூரிகையைத் தொட்டேன், செய் என்று எழுதினேன், அந்த இடத்தில் கை நின்றது. கை நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பெயிண்ட் சொட்டி ஒரு புள்ளியாகிவிடுமோ என்று பயந்தது உட்பட. பிறகு வகரத்தை எழுதி மேலே சுழித்தேன். வி. பிறகு த்தவர். செய்வித்தவர். செய்தவர் அல்லர், பிறரைக்கொண்டு செய்யவைத்தவர். பொய்யில்லை, பிழையில்லை, முழு உண்மை, ஒரே எழுத்தில். ராவ் சாகிப் அட்டையைத் தூக்கிப் பிடித்துப் படித்தார். “செய்வித்தவரா? இதென்ன புதுசா இருக்கு?” “கோபுரத்துல போடுவாங்களேங்க, கட்டுவித்தவர்னு. ராஜாக்களுக்கெல்லாம் அப்படித்தான். கட்டினவர்னா கொத்தனார்தானே” என்றேன். அவர் அட்டையை இன்னொரு தரம் படித்தார். மீசை மெல்ல அகன்றது. “அப்படிச் சொல்லு! அப்ப கொஞ்சம் பெரிசாவே எழுது.” பெரிதாகவே எழுதினேன். இதெல்லாம் நடந்ததா? இதுதான் கேள்வி. பாட்டுப்புத்தகத்தில் ‘செய்தவர்’ என்றுதான் இருக்கிறது, அச்சுக் கோத்தவன் வி-யை விழுங்கிவிட்டான், புரூப் பார்க்கிறவர் மகளின் வாழ்க்கையில் புரூப் பார்க்காமல் விட்ட ஒரே பக்கம் அது. படம் தொலைந்தது, பாட்டுப்புத்தகம் தங்கியது, பிறகு வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தே எழுதினார்கள். இன்னும் இரண்டு படங்கள் பார்த்துக்கொண்டேன், அவற்றில் அட்டை எழுத வேறு ஆள். பிறகு இருபத்திரண்டு வருஷம் எடிட்டிங் அறை, அடுத்தவர் எடுத்ததை நேராக்கினேன், நன்றாகவே நேராக்கினேன், முதலில் யார் வந்து நின்றாலும் கடைசியில் தையலக்காவைக் கூப்பிடு என்பார்கள். ஒரு பத்திரிகைக்காரரிடம் ஒருமுறை வி-யைப் பற்றிச் சொன்னேன். “அதாவது அசிஸ்டெண்டா இருந்தீங்க” என்று எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை, சொல்லாமல் எனக்குள்ளேயே சொல்லிச் சொல்லி அந்தத் தூரிகை, அந்தச் சுழி, அந்த மீசை எல்லாம் பளபளவென்று ஆகிவிட்டன, அளவுக்குமேல் பளபளப்பாக இருக்கிற ஞாபகத்தை நான் நம்பமாட்டேன். ஒருவேளை கை நின்றது மட்டும்தான் உண்மையோ. நின்ற கை பயந்து, செய்தவர் என்றே எழுதி முடித்துவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் டிராமில் உட்கார்ந்து வி-யை மனசுக்குள் போட்டுக்கொண்டதோ. கோபுரம், கொத்தனார் எல்லாம் அன்றைக்குச் சொல்லாமல் பிறகு ஜோடித்த பதிலோ. சரியான பதில் எப்போதும் படியிறங்கின பிறகுதானே வருகிறது. அப்படியானால் நான் யார்? பழம்பெரும் நடிகை. ராமதுரை சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

பதினோராவது ரீல் ஓடிவிட்டதா? ஓடிவிட்டது. நான் எடுத்த யானையை நானே பார்க்கவில்லை. காதை மடக்கியிருக்கும். இப்போது முதல் ரீல். கன்னியப்பன் இருமுகிறார். இருட்டு. சரசரவென்று மழை, பழைய ஃபிலிமின் கீறல்களை நாங்கள் மழை என்போம், இது அடைமழை. கம்பெனியின் முத்திரை, ஒரு மயில், அதன் கழுத்தை ஒட்டி விரல் தடிமனில் வெள்ளைக் கோடு, மேலிருந்து கீழே, நடுவுக்குச் சற்று வலப்பக்கம், நிற்காமல் நடுங்கிக்கொண்டு ஓடுகிறது. ‘விசாலினி அல்லது தந்தப் பெட்டி’, ப் இருக்கிறது, கோட்டுக்கு இடப்பக்கம் பத்திரமாக இருக்கிறது. என் எழுத்து. முத்து முத்தாக, அப்பா. நடிகர்கள் பட்டியல். பாட்டு. நடனம். ஒளிப்பதிவு பெஸ்தன்ஜி. அடுத்தது. அடுத்தது இதுதான். ‘டைரக்ஷன்’ என்று இருக்கிறது, பக்கத்தில் ‘செய்’ என்று இருக்கிறது, அதற்குப் பிறகு கோடு. வெள்ளை வெளேரென்ற கோடு. வி இருக்க வேண்டிய இடத்தில் மழை பெய்துகொண்டிருக்கிறது. இருந்ததா, இல்லையா, யாருக்கும், எனக்கும், இனிமேல் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டேன். நல்லது, பொய்யென்று தெரிவதைவிடத் தெரியாமலே போவது நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டேன், அதை நான் நம்பவில்லை. இரண்டு பஸ். திரும்பவும் இரண்டு பஸ். கேடயத்துக்குக் கைதட்ட வேண்டும், முதலில் தட்டி முடித்துவிட்டு மெதுவாக எழுந்து…

“கன்னியப்பன்! நிறுத்துங்க!”

மலர்க்கோ எழுந்து நிற்கிறார். திரையில் விசாலினியின் மாலையும் கழுத்துமான முகத்தில் அவர் தலையின் நிழல் விழுகிறது.

“நிறுத்தினா பத்திக்கும் சார், பழைய ஃபிலிமு!”

“அப்ப வெளியே எடுத்துத் திரும்பப் போடுங்க. அந்தக் கடைசி டைட்டில்.”

விளக்கு வந்தது. ராமதுரை ஓடிவந்தார். “என்ன சார், அப்பா பேரு நல்லாத்தானே விழுந்தது?”

“பேரு இருக்கட்டும்யா. மேல் வரியைப் பார்த்தியா?”

“டைரக்ஷன் செய்தவர். நடுவுல கோடு விழுந்திருக்கு, அவ்வளவுதானே.”

“கோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது?”

“தவர்.”

“த்தவர்! தகரத்துக்கு முன்னால ஒத்து இருந்துதுய்யா, மேல புள்ளி பளிச்சுன்னு தெரிஞ்சுது. செய்தவர்ல ஏது ஒத்து? செய்த்தவர்னு எந்த ஊருல எழுதுவாங்க?”

“எழுதினவங்க தெரியாம…”

“இந்தக் கை பிழை எழுதாது. இதைப் பார்த்துத்தான்யா நான் எழுத்துக் கத்துக்கிட்டேன்.” அவர் கை காற்றில் எழுதியது. செய், ஓர் இடைவெளி, த்தவர். இருபத்தைந்து வருஷம் மாணவர்களுக்கு எழுதிப்போட்ட கை, தானாகவே அந்த இடைவெளிக்குத் திரும்பி வந்து, வகரத்தை எழுதி, மேலே சுழித்தது. சுழித்த கை அப்படியே நின்றுவிட்டது. நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒற்று. மேலே புள்ளி வைத்த த். பெயிண்ட் சொட்டி ஒரு புள்ளியாகிவிடுமோ என்று பயந்தேனே, அது சொட்டவில்லை, நான் வைத்தேன், அளந்து வைத்தேன். முப்பத்தெட்டு வருஷம் வி-யையே காவல் காத்துக்கொண்டிருந்தவள், அதற்குப் பக்கத்தில் நின்ற சாட்சியை மறந்துபோயிருக்கிறேன். ஊரெல்லாம் ஒட்டிய ஓர் ஒற்றுக்காக மரப்பெட்டிக்கு வெள்ளையடித்தவள் மறந்துபோயிருக்கிறேன்.

“செய்வித்தவர்” என்றார் மலர்க்கோ. தனக்குள் பேசுகிற குரல். உட்கார்ந்தார். உடனே எழுந்தார். வெல்வெட் மூடிய கேடயத்தைப் பார்த்தார், ராமதுரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அவர் நினைத்தால் கோடுதான் என்று சொல்லிவிடலாம். அப்பாவின் பெயர், அவருடைய அப்பா. இருபது பேரில் யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் அவருடைய வழுக்கையின் பின்பக்கத்தைப் பார்த்து, ஐயா புஷ்பநாதா, உனக்குப் பொய்யும் ஆகாது, பிழையும் ஆகாது என்று கொஞ்ச நேரம் முன்புதான் சொன்னாய் என்று வாய்க்குள் முணுமுணுத்தேன். அவர் திரும்பினார்.

“பிறவினை” என்றார். “அப்பா செய்யலை. செய்ய வெச்சிருக்கார்.” பிறகு மெதுவாக, வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்க்கிற மாதிரி, என்னைப் பார்த்தார். “அம்மா. இந்த டைட்டிலை எழுதினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“நான்தான்.”

“காக்காவை வெட்டாம விட்டது?”

“அதுவும்.”

“அப்ப செய்தது யாரு?”

எல்லாரும் திரும்பிவிட்டார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன, இருநூறு ஈட்டிகள் இல்லை, இருபது காப்பிக் கோப்பைகள், ஆனாலும் ஒரே நேரத்தில் திரும்பின. சாப், அம்மா, அக்கா, டெலிபோன் புத்தகம். செய்தவர் என்றால் ராவ் சாகிப் வந்து உட்கார்ந்துகொள்கிறார், செய்தவள் என்றால் அடுப்பில் ஏதோ செய்த மாதிரி இருக்கிறது. படர்க்கையில் எனக்கு ஒரு சொல்லும் பொருந்தியதே இல்லை. என்னைப் பற்றி எப்போதும் படர்க்கையிலேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன், யாரோ சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவளுக்கு அதுதானே வரும்.

“செய்தேன்” என்றேன்.

மலர்க்கோ கண்ணை மூடித் திறந்தார். “தன்மை ஒருமை” என்றார், பழக்கதோஷம். “ஆண்பால் பெண்பால் காட்டாது.”

“காட்டாது” என்றேன்.

அவர் சிரித்தார். ராவ் சாகிபின் அதே மீசை, அதே மாதிரி மெல்ல அகன்றது, அது நடந்ததுதான், நான் ஜோடிக்கவில்லை. கேடயத்தின் வெல்வெட்டை நீக்கிப் படித்துவிட்டு, “யோவ் ராமதுரை, இதை எடுத்துட்டுப் போ. பிழை இருக்கு. புத்தகத்தையும் திங்கட்கிழமை அனுப்பாதே” என்றார். ராமதுரை அழைப்பிதழைப் பார்த்துக்கொண்டு நின்றார், நடிகை என்ற இடத்தைக் கட்டைவிரலால் மறைத்தபடி. ஜன்னலிலிருந்து கன்னியப்பன் தலையை நீட்டினார்.

“சுத்திட்டேன் சார். மொதல்லேர்ந்து போடலாமா?”

ராமதுரை பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் கன்னியப்பனிடம், “என்னை ஏன்யா கேக்கற? டைரக்டரைக் கேளு” என்றார்.

எழுந்து நின்றேன். மெகாபோன் இல்லை. வேண்டியிருக்கவும் இல்லை.

“ஸ்டார்ட்” என்றேன்.

விளக்கு அணைந்தது. அணைந்தது என்று எழுதினால் தானாக அணைந்ததாகிவிடும். அணைத்தவர் கன்னியப்பன். அணைப்பித்தவள் நான்.